பரிசுக்குப் போகும் தீசிஸ்

பழகிய தேர்வாளர் கையில் ஒரு தீசிஸ் கிடைத்தால், அவர் முதலில் புரட்டுவது பெரும்பாலும் கடைசிப் பக்கங்களைத்தான். மாஸ்டர் சார்ட் அங்கே இருக்கும். வரிசை எண், வயது, ஆணா பெண்ணா, இரத்த அழுத்தம், சர்க்கரை, சிகிச்சைப் பிரிவு, முடிவு என்று ஒரு நோயாளிக்கு ஒரு வரி. ஐந்தாறு வரிகளை விரலால் ஓட்டிப் பார்ப்பார். இரத்த அழுத்தம் எல்லாமே 110, 120, 130 என்று பூஜ்யத்திலேயே முடிந்தால், அளந்தார்களா, உத்தேசமாக எழுதினார்களா என்ற சந்தேகம் அப்போதே வந்துவிடும். பிறகு நடுவிலுள்ள அட்டவணைக்குப் போவார். ‘அறுபது வயதுக்கு மேற்பட்டோர் 23 பேர்’ என்று அங்கே இருந்தால், சார்ட்டில் எண்ணிப் பார்ப்பார். 23 வந்தால் மேற்கொண்டு படிப்பார். 19 வந்தால், கெட்டி அட்டையும் தங்க எழுத்தும் அந்த ஆய்வேட்டைக் காப்பாற்றாது.

இந்தியாவில் எம்.டி., எம்.எஸ். படிக்கும் ஒவ்வொருவரும் தீசிஸ் எழுதியே ஆக வேண்டும். தேர்வாளர்கள் அதை ஏற்றால்தான் இறுதித் தேர்வுக்குள் நுழைய முடியும். டூட்டி, ஓ.பி., ஆபரேஷன் தியேட்டர், இரவுப் பணி இவற்றுக்கு நடுவே எழுதப்படுவதால், பலருக்கு அது எப்படியாவது முடித்துக் கொடுக்க வேண்டிய வேலையாகிவிடுகிறது. அப்படி வந்து குவிபவற்றிலிருந்து சிறந்த சிலவற்றைத் தேர்ந்து ஆண்டுதோறும் பரிசளிக்கும் வழக்கம் பல பல்கலைக்கழகங்களிலும் சிறப்புத்துறைச் சங்கங்களிலும் உண்டு. பதக்கமும் தொகையும் சிறிதாக இருக்கலாம். ஆனால் ஆய்வுப் பணிக்கோ மேற்படிப்புக்கோ விண்ணப்பிக்கும்போது, அந்த ஒரு வரி இளம் மருத்துவரை மற்றவர்களிடமிருந்து தனியே காட்டும்.

பரிசு பெறத்தக்க தீசிஸ் எழுதுவதற்குப் பணக்காரக் கல்லூரியோ விலையுயர்ந்த பரிசோதனைக் கருவியோ கட்டாயம் இல்லை. முதல் ஆறு மாதத்தில் கேள்வி சரியாக அமைந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அமையாவிட்டால் பிறகு எவ்வளவு உழைத்தாலும் ஈடுகட்டுவது கடினம்.

கேள்வி

பாம்புக்கடியை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டின் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளுக்கு மழைக்காலத்தில் வந்துகொண்டே இருக்கும் நோயாளிகள் இவர்கள். பொது மருத்துவம் படிக்கும் மாணவர் ஒருவர் ‘பாம்புக்கடி நோயாளிகளின் மருத்துவக் கூறுகள் பற்றிய ஓர் ஆய்வு’ என்று தலைப்பு வைத்தால் கைடு கையெழுத்துப் போடக்கூடும், பல்கலைக்கழகமும் ஏற்கக்கூடும். ஆனால் அதில் கேள்வி எதுவும் இல்லை. ஆண்கள் எத்தனை, பெண்கள் எத்தனை, காலில் கடித்தது எத்தனை, கையில் கடித்தது எத்தனை என்ற கணக்கோடு அது நின்றுவிடும்.

அதே வார்டில், அதே நோயாளிகளிடம் கேட்கத்தக்க நல்ல கேள்வி ஒன்று இருக்கிறது. கண்ணாடிவிரியன் கடித்தால் இரத்தம் உறையும் தன்மை கெடுகிறது. அதைக் கண்டுபிடிக்க உலகெங்கும் கையாளப்படும் எளிய முறை இருபது நிமிட இரத்த உறைவுச் சோதனை. சுத்தமான, உலர்ந்த, புதிய கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி இரத்தம் எடுத்து, இருபது நிமிடம் அசைக்காமல் வைத்துவிட்டு, ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். இரத்தம் உறையாமல் ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது என்று பொருள். மின்சாரமும் வேண்டாம், ஆய்வகமும் வேண்டாம். ஆனால் குழாய் பிளாஸ்டிக்காக இருந்தாலோ, சோப்புத்தூள் போட்டுக் கழுவியதாக இருந்தாலோ, நல்ல இரத்தமும் உறையாமல் போய் முடிவு தவறிவிடும். இப்போது மாணவர் கேட்கலாம்: ஆய்வகத்தில் ஐ.என்.ஆர். அளவு உயர்ந்திருக்கும் நோயாளிகளில் எத்தனை பேரை இந்தச் சோதனை தவறவிடுகிறது?

இந்தக் கேள்விக்கு விடை ஓர் எண். அந்த எண் தெரிந்தால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவு இரண்டு மணிக்குத் தனியாக நிற்கும் மருத்துவர் அந்தச் சோதனையை எவ்வளவு நம்பலாம் என்பது தெரியும். விடை எதுவாக வந்தாலும் ஒருவருடைய சிகிச்சை முடிவை அது மாற்றக்கூடும் என்பதே நல்ல கேள்வியின் அடையாளம். பரிசுக்குழுவும் இதைத்தான் தேடும்.

தலைப்பு மனத்தில் விழுந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை தேடல். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ஆய்வேடுகள் அதன் இணையக் களஞ்சியத்தில் எவரும் படிக்கும்படி கிடைக்கின்றன. தன் தலைப்பில் மூத்தவர்கள் என்ன செய்திருக்கிறார்கள், எங்கே நிறுத்தினார்கள் என்று மாணவர் அங்கே ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்துவிடலாம். பெரும்பாலான ஆய்வேடுகளின் இறுதியில் ‘ஆய்வின் குறைபாடுகள்’ என்று அரைப் பக்கம் இருக்கும். அடுத்தவருக்கான கேள்வி பல நேரம் அந்த அரைப் பக்கத்திலேயே காத்திருக்கும்.

எத்தனை பேர் என்ற கணக்கு

‘மாதிரி அளவு: 50’ என்று எழுதிவிட்டுக் காரணம் சொல்லாமல் போவது நம் ஆய்வேடுகளில் அடிக்கடி காணும் குறை. ஸ்டாட்டிஸ்டிஷியனிடம் கடைசி மாதத்தில் ஓடுவதால் வரும் வினை இது. புரோட்டோகால் எழுதும்போதே அவரிடம் போயிருந்தால் பத்து நிமிடத்தில் தீர்ந்திருக்கும்.

பாம்புக்கடிக் கேள்விக்கே கணக்குப் போடலாம். முந்தைய ஆய்வுகளைப் பார்த்து, அந்தச் சோதனை நூற்றுக்கு 80 பேரைக் கண்டுபிடிக்கும் என்று மாணவர் எதிர்பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எல்லாருக்கும் தெரிந்த வாய்பாடு நாலு பீ க்யூ வகுத்தல் டீ ஸ்கொயர். பீ 80, க்யூ 20. விடை பத்து சதவீதம் முன்பின் இருந்தால் போதும் என்றால், 4 × 80 × 20 என்ற 6400-ஐ 100-ஆல் வகுக்க, 64 பேர். ஐந்து சதவீதத் துல்லியம் வேண்டும் என்றால் 25-ஆல் வகுக்க, 256 பேர். துல்லியத்தை இரட்டிப்பாக்க நான்கு மடங்கு நோயாளிகள் தேவை. இவர்கள் எல்லாரும் ஐ.என்.ஆர். உயர்ந்தவர்களாகவே இருக்க வேண்டும் என்பதால், வார்டுக்கு வரும் மொத்தப் பாம்புக்கடி நோயாளிகள் அதைவிட அதிகமாக வேண்டும். ஒன்றரை ஆண்டில் அத்தனை பேர் கிடைப்பார்களா என்று மருத்துவமனைப் பதிவேட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும். கிடைக்க மாட்டார்கள் என்றால் பத்து சதவீதத் துல்லியத்தோடு நிறுத்திக்கொண்டு, அதை வெளிப்படையாக எழுதிவிடுவதே முறை. 64 பேரை ஒருவர் விடாமல் ஒழுங்காகப் பார்த்த ஆய்வு, 256 என்று தொடங்கிப் பாதியில் தரவு விட்டுப்போன ஆய்வை விட மேல்.

குழாயைச் சாய்த்துப் பார்ப்பவருக்கு ஐ.என்.ஆர். முடிவு தெரிந்திருக்கக் கூடாது என்பதையும் புரோட்டோகாலிலேயே எழுத வேண்டும். தெரிந்திருந்தால் கண் தானாகவே அந்தப் பக்கம் சாயும். ஒரே வரிதான். ஆனால் பரிசுக்குழுவில் இருப்பவர் அந்த வரியைத் தேடிக்கொண்டிருப்பார்.

இவற்றையெல்லாம் கற்றுக்கொள்ளச் சென்னையிலுள்ள ஐ.சி.எம்.ஆர். தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் இணையவழியில் நடத்தும் உயிர்மருத்துவ ஆய்வு அடிப்படைப் படிப்பு இருக்கிறது. முதுநிலை மாணவர்கள் அதை முடிக்க வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் விதித்திருப்பதால், சான்றிதழுக்காக ஓட்டிவிட்டுப் போகும் பழக்கம் பலரிடம் உண்டு. தலைப்பு முடிவாவதற்கு முன் அதை நிதானமாகப் படித்தவர் பல தவறுகளிலிருந்து தப்பித்துக்கொள்வார்.

அனுமதிகள்

எத்திக்ஸ் கமிட்டியின் ஒப்புதல் தேதி, முதல் நோயாளியைச் சேர்த்த தேதிக்கு முன்னால் இருக்க வேண்டும். இது மாறியிருந்தால் அந்த ஆய்வேடு பரிசுக்கு உதவாது.

மருந்தோ அறுவை முறையோ கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வானால், இந்திய மருத்துவச் சோதனைப் பதிவகமான சி.டி.ஆர்.ஐ.-யில் பதிய வேண்டும். 2007-ல் தொடங்கிய இந்தப் பதிவகத்தில் கட்டணம் கிடையாது; முதுநிலை ஆய்வேடா என்று கேட்கும் இடமும் படிவத்திலேயே உண்டு. 2018 ஏப்ரல் 1 முதல், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன் பதிந்தால்தான் ஏற்பார்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்களுக்கு வழியில்லை. பதிவு எண் இல்லாத சோதனையை நல்ல இதழ்களும் ஏற்பதில்லை.

ஒப்புதல் படிவம் நோயாளிக்குப் புரியும் தமிழில் இருக்க வேண்டும். பல படிவங்கள் ஆங்கிலத்தை வரிக்கு வரி பெயர்த்தவையாக, படித்தவருக்கே விளங்காதபடி இருக்கின்றன. படிவத்தை எழுதியதும் வார்டில் ஓர் உறவினரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லி, என்ன புரிந்தது என்று திருப்பிக் கேட்டுவிட்டு, அதன்பிறகு கமிட்டிக்கு அனுப்பலாம். எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் கைநாட்டு வாங்கும்போது, ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சியின் முன்னிலையில் முழுவதையும் படித்துக்காட்ட வேண்டும். வலியோடு படுத்திருக்கும் ஒரு மனிதர் தன் இரத்தத்தையும் நேரத்தையும் முன்பின் தெரியாத ஓர் ஆய்வுக்குக் கொடுக்கிறார். அவருக்குச் செய்யும் மரியாதை இந்தப் படிவத்திலிருந்துதான் தொடங்குகிறது.

வேறுபாடு இல்லை என்பதும் விடைதான்

ஆய்வின் முடிவில் இரு சிகிச்சைகளுக்கும் வேறுபாடு இல்லை என்று வந்தால் மாணவர்கள் சோர்ந்துபோகிறார்கள். எப்படியாவது ஒரு பீ-வேல்யூ 0.05-க்குக் கீழே வரட்டும் என்று வயதுவாரி, பால்வாரி, ஊர்வாரி என்று பிரித்துப் பிரித்துச் சோதிக்கிறார்கள். உண்மையில் வேறுபாடே இல்லாத இடத்திலும் இருபது முறை சோதித்தால் சராசரியாக ஒருமுறை அப்படி ஒரு எண் தற்செயலாக வந்துவிடும். பரிசுக்குழுவில் இருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

இங்கே சென்னையின் வரலாறே ஒரு பாடம். 1956-ல் சென்னையில் காசநோய் மருந்துச்சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இன்று அது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். காசநோயாளிகளைச் சானடோரியத்தில் நல்ல உணவோடும் ஓய்வோடும் வைத்தால்தான் குணமாகும் என்று உலகம் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவரின் தலைமையில், 193 ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு வீட்டிலும் மறு பகுதியினருக்குச் சானடோரியத்திலும் ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்தார்கள். நெரிசலான வீட்டில், குறைந்த உணவோடு இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். நோயாளியோடு வீட்டில் வசித்த குடும்பத்தாருக்கு நோய் தொற்றும் ஆபத்தும் கூடவில்லை. 1959-ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியான இந்த முடிவு, சானடோரியம் வேண்டியதில்லை என்று ஏழை நாடுகள் துணிந்து முடிவெடுக்க வழி திறந்தது. அதன் விடை ‘பெரிய வேறுபாடு இல்லை’ என்பதுதான். அது தீசிஸ் அல்ல. பெரிய நிறுவனங்கள் சேர்ந்து நடத்திய ஆய்வு. ஆனாலும் கேள்வியின் கூர்மைக்கு ஒவ்வொரு முதுநிலை மாணவரும் படித்துப் பார்க்க வேண்டிய கட்டுரை.

தெரியாததைத் தெரியாது என்று எழுதுவதற்கும் ஒரு முன்மாதிரி உண்டு. 1869-ல் பெர்லினில் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற 21 வயது மாணவர் கணையத்தின் நுண்ணமைப்பைப் பற்றித் தன் பட்ட ஆய்வேட்டை எழுதினார். கணையத்துக்குள் சின்னச் சின்னத் திட்டுகளாக வேறு வகைச் செல்கள் இருப்பதை நுண்ணோக்கியில் கண்டு விவரித்தார். அவற்றின் வேலை என்ன என்று தனக்குத் தெரியவில்லை என்பதை மறைக்கவில்லை. 1893-ல் லாகெஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் அவற்றுக்கு லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் என்று பெயரிட்டார். 1921-ல் டொரான்டோவில் இன்சுலின் பிரிக்கப்பட்டது அந்தத் திட்டுகளைத் தேடிப் போன பாதையில்தான். இன்றைய மாணவர் ஒருவர் தன் தரவு சொல்லாததையும் சேர்த்து ‘முடிவுரை’யில் எழுதத் துடிக்கும்போது, இந்த மாணவரை நினைத்துக்கொள்வது நல்லது.

விண்ணப்பம்

ஆய்வேட்டுப் பரிசுகளில் பெயரை மறைத்து அனுப்பும் முறை பழையது. அதன் பயனும் பெரிது. 1873-ல், ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் பேராசிரியராக இருந்த எட்வர்டு கிளார்க், உயர்கல்வி பெண்களின் உடல்நலத்தைக் கெடுக்கும் என்று ஒரு நூல் எழுதினார். மாதவிடாயின்போது பெண்களுக்கு ஓய்வு அவசியமா என்பதே அடுத்து ஹார்வர்டின் பாய்ல்ஸ்டன் பரிசுக்குரிய தலைப்பாக வந்தது. நியூயார்க்கில் மருத்துவராக இருந்த மேரி புட்னம் ஜேகோபி போட்டிக்கு எழுதினார். பாரிஸ் மருத்துவப் பள்ளியில் அனுமதி பெற்ற முதல் பெண் அவர். ஆயிரம் கேள்வித்தாள்களை அனுப்பி, திரும்பி வந்த 268 விடைகளை எண்ணினார். நாடித்துடிப்பையும் தசை வலிமையையும் கருவி கொண்டு அளந்தார். ஓய்வு கட்டாயம் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று காட்டினார். கட்டுரையில் பெயர் இல்லை. 1876-ல் பரிசு அவருக்கு வந்தது. அந்த மருத்துவப் பள்ளி பெண்களை மாணவர்களாகச் சேர்க்கத் தொடங்கியது 1945-ல்தான்.

இன்று பெயர் மறைத்து அனுப்பச் சொல்லும் பரிசுகளில், மாணவர்கள் முகப்புப் பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை மறந்துவிடுகிறார்கள். கைடின் சான்றிதழ், நன்றியுரை, எத்திக்ஸ் கமிட்டிக் கடிதம், பக்கத் தலைப்பில் ஓடும் கல்லூரிப் பெயர், கணினிக் கோப்பின் விவரங்களில் பதிந்திருக்கும் எழுதியவர் பெயர் எல்லாவற்றையும் நீக்க வேண்டும். அதைவிட முக்கியமானது நோயாளியின் பெயர். எக்ஸ்ரே, சி.டி. படங்களின் மூலையில் பெயரும் ஐ.பி. எண்ணும் அச்சாகியிருக்கும். அது அப்படியே போனால் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். நிராகரிக்காவிட்டாலும், நம்பிக் கொடுத்தவருக்குச் செய்த துரோகம் அது.

சுருக்கத்துக்குக் கொடுக்கும் நேரம் வீண் போகாது. முதல் சுற்றில் நடுவர்கள் படிப்பது பெரும்பாலும் அந்த ஒரு பக்கத்தைத்தான். ‘முடிவுகள் கணிசமாக இருந்தன’ என்று எழுதாமல், எத்தனை பேரில் எத்தனை பேர், எவ்வளவு வேறுபாடு, அதன் நம்பக வரம்பு எங்கிருந்து எங்கே என்று எண்ணாகவே எழுத வேண்டும். அறிக்கையிடும் நெறிகளும் கையில் இருக்கட்டும்: சீரற்ற ஒப்பீட்டுச் சோதனைகளுக்குக் கன்சார்ட், கண்காணிப்பு ஆய்வுகளுக்கு ஸ்ட்ரோப், பாம்புக்கடிச் சோதனை போன்ற கண்டறிதல் ஆய்வுகளுக்கு ஸ்டார்டு. ஸ்ட்ரோபில் 22 அம்சங்கள் உண்டு. ஒவ்வொன்றும் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று குறித்து இணைத்துவிட்டால் நடுவரின் வேலை எளிதாகும்.

பிறர் எழுத்தை எடுத்து ஒட்டுவது பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 2018-ல் வந்த பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகள் பத்து சதவீதம் வரையிலான ஒற்றுமையைத் தண்டிப்பதில்லை. அதைப் பிடித்துக்கொண்டு ஒன்பது சதவீதத்துக்குச் சொற்களை மாற்றிப் போட்டு இறக்குவதில் மாதக்கணக்கில் செலவிடுகிறவர்கள் உண்டு. ‘முந்தைய ஆய்வுகள்’ பகுதியைத் தானே படித்துத் தானே எழுதினால் இந்தப் பாடு இல்லை. எழுதும்போதே பாதிக் கலந்துரையாடலும் மனத்தில் உருவாகிவிடும்.

பரிசு வந்தாலும் வராவிட்டாலும்

லியோன் நகர ராணுவ மருத்துவப் பள்ளியில் படித்த எர்னஸ்ட் டுஷேன் 1897-ல், தன் 23-ஆம் வயதில், பூஞ்சைக்கும் நுண்ணுயிருக்கும் இடையிலான போட்டியைப் பற்றி ஆய்வேடு எழுதினார். பெனிசிலியம் வகைப் பூஞ்சையைக் கிருமியோடு சேர்த்து விலங்குகளுக்குச் செலுத்தியபோது அவை பிழைத்ததைப் பதிவு செய்தார்; மேலும் ஆராய வேண்டும் என்றும் எழுதினார். அவருக்குப் பட்டம் கிடைத்தது. ஆய்வேடு அலமாரிக்குப் போனது. ராணுவப் பணி அழைத்தது, காசநோய் வந்தது, 1912-ல் இறந்துபோனார். அலெக்சாண்டர் ஃபிளெமிங் பெனிசிலினைக் கண்டது 1928-ல். டுஷேன் பயன்படுத்திய பூஞ்சை ஃபிளெமிங்கினுடையது அல்ல. பெனிசிலின் அவர் கைக்கு வந்திருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அந்த நூலைப் படித்து யாராவது வேலையைத் தொடர்ந்திருந்தால் என்ற எண்ணம் வராமல் போகாது. பிரெஞ்சு மருத்துவ அகாடமி அவரைக் கௌரவித்தது 1949-ல்.

ஆய்வேட்டை ஒப்படைத்த அடுத்த மாதமே, அதிலிருந்து மூவாயிரம் சொற்களில் ஒரு கட்டுரை எழுதி இதழுக்கு அனுப்ப வேண்டும். முதல் ஆசிரியர் யார், கைடின் பெயர் எந்த இடத்தில் என்பதை முன்கூட்டியே பேசி முடித்துக்கொள்வது உறவுகளைக் காப்பாற்றும். பரிசுகளுக்கு விண்ணப்பிக்கப் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுக் கெடு இருக்கும். அது கடந்துவிட்டால் எவ்வளவு நல்ல ஆய்வானாலும் தகுதியில்லை. ஆகவே தன் துறைச் சங்கமும் பல்கலைக்கழகமும் என்னென்ன பரிசுகள் தருகின்றன, கடைசித் தேதி எது என்று இறுதித் தேர்வு முடிந்த வாரமே விசாரித்து எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

பெரிய நகரக் கல்லூரிகளிலிருந்து மட்டும் விண்ணப்பங்கள் போனால் பரிசும் அங்கேதான் போகும். மாவட்ட மருத்துவமனை வார்டில் பாம்புக்கடியையும் ஸ்க்ரப் டைஃபஸையும் பிரசவகால இரத்தப்போக்கையும் நேரில் பார்க்கும் மாணவர்களே, உங்களிடம் இருக்கும் கேள்விகள் மற்றவர்களிடம் இல்லை. கணக்கு சரியாக இருந்தால், தேதிகள் ஒழுங்காக இருந்தால், விண்ணப்பத்தை அனுப்பிவிடுங்கள்.